பிஜி (மருத்துவ முதுநிலை) மாணவர்களின் ஆராய்ச்சிக்கு விழா எடுப்பதால் பயன் உண்டா?

கேள்வி: எங்கள் மருத்துவக் கல்லூரித் துறையில் வருடாவருடம் ‘ரிசர்ச் டே’ நடத்துகிறார்கள். பொன்னாடை, ஷீல்டு, குரூப் போட்டோ. இதனால் பிஜி மாணவர்களுக்கு உண்மையில் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. ஆனால் பொன்னாடையைத் தூக்கிவிட்டு வேறு மாதிரி செய்தால்தான். பொது மருத்துவத் துறையில் பல வருடங்களாகத் பிஜிக்களின் தீசிஸுக்கு (ஆய்வேட்டுக்கு) கைடாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் பிஜியாக இருந்த காலத்து விழா ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் ஃபிளெக்ஸ். அதில் சிறப்பு விருந்தினர் படம், டீன் படம், எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) படம். ஆராய்ச்சி செய்தவர்களின் பெயர் தேடினாலும் கிடைக்காது. விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம். அதற்குள் பாதிப் பேரை வார்டிலிருந்து போன் போட்டுக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடையில் வாசித்தது ஒரே கணக்குதான்: இத்தனை போஸ்டர் (ஆய்வைச் சுருக்கி மாட்டும் தாள்), இத்தனை பேப்பர். எதைப் பற்றி என்று ஒருவரும் சொல்லவில்லை.

இந்த எண்ணிக்கைப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. பரீட்சை எழுதத் தகுதி வேண்டுமென்றால் ஒரு போஸ்டர் போட வேண்டும், மாநாட்டில் ஒரு பேப்பர் வாசிக்க வேண்டும், பத்திரிகைக்கு ஒரு கட்டுரையாவது அனுப்ப வேண்டும் என்று பழைய மருத்துவ கவுன்சில் விதி வைத்திருந்தது. நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் காசு கட்டினால் ஒரு வாரத்தில் அச்சிட்டுத் தரும் பத்திரிகைகள் முளைத்ததும், விதியும் நிறைவேறியது, ஷீல்டும் கிடைத்தது. தீசிஸோ தங்க எழுத்து போட்ட ரெக்ஸின் அட்டைக்குள் பைண்டாகி லைப்ரரி அலமாரியில் உட்கார்ந்துவிட்டது.

சரி, வேறு மாதிரி என்றால் எப்படி? எங்கள் துறையில் நடந்ததையே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் இருந்தார். அவருடைய அதிகாரபூர்வமான தீசிஸ் சர்க்கரை நோய் பற்றியது, யூனிட் தலைவரான சீஃப் கொடுத்த தலைப்பு. ஆனால் அவர் மனம் கிடந்தது காஸுவல்டியில் (அவசர சிகிச்சைப் பிரிவில்), பாம்புக்கடி நோயாளிகளுக்குச் செய்யும் இருபது நிமிடப் பரிசோதனையில். நோயாளியின் ரத்தம் 2 மில்லி எடுத்து, காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் ஆட்டாமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம், விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். கண்ணாடி விரியன் கடி நிறைய வரும் ஊரில் இரவு இரண்டு மணிக்கு நம்பி நிற்பது இந்த ஒரு குழாயைத்தான்.

சில இரவுகளில், கடிபட்ட இடத்தில் வீக்கம்கூட இல்லாதவரின் ரத்தமும் உறையாமல் ஓடியது. மற்றவர்கள் மருந்தை ஏற்றிவிட்டு நகர்ந்தார்கள். இவர் குழாயைச் சந்தேகப்பட்டார். கண்ணாடியின் மேற்பரப்புதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயில் அந்தத் தன்மை கெட்டுவிடும். இது புத்தகத்தில் இருப்பதுதான், கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஸ்டாண்டில் இருந்த குழாய்களை யார், எதைப் போட்டுக் கழுவுகிறார்கள் என்று அதுவரை யாருமே கேட்டதில்லை. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கி, தன் ரத்தத்தையும் எங்கள் பிஜிக்கள் சிலரின் ரத்தத்தையும் புதுக் குழாயிலும் கழுவிய குழாயிலும் விட்டு, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாம்பே கடிக்காத எங்கள் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) ஒருவரின் ரத்தமும் கழுவிய குழாயில் தண்ணீராக ஓடியது. தேவையில்லாமல் ஏற்றும் விஷமுறிவு மருந்து சும்மா போகாது. அது குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராவது, கடுமையான அலர்ஜி வரலாம்.

இந்த வேலைக்கு அந்த வருட விழாவில் இடமில்லை. போஸ்டரும் இல்லை, பேப்பரும் இல்லை என்றார்கள். எனக்கு அது உறுத்தியது. அதனால் சனிக்கிழமை ரவுண்ட்ஸ் முடிந்ததும் துறையின் கிளாஸ் ரூமிலேயே ஒரு கூட்டம் வைத்தோம். ஒவ்வொரு பிஜிக்கும் பத்து நிமிடம். பேசுபவரின் வேலையை வேறு யூனிட் ஆசிரியர் ஒருவர் முன்கூட்டியே முழுசாகப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஷீல்டு வாங்கியபோது வராத வெட்கம், ‘உன் மாஸ்டர் சார்ட்டில் (நோயாளிகளின் விவர அட்டவணையில்) இந்தப் பேஷன்ட்டை ஏன் விட்டுவிட்டாய்?’ என்று ஒருவர் கேட்கும்போது ஒரு பிஜியின் முகத்தில் வரும். தன் வேலையை ஒருவர் உண்மையிலேயே படித்திருக்கிறார் என்ற வெட்கம் அது. எதிர்பார்த்த வித்தியாசம் வராத தீசிஸையும் அங்கே தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொன்றும் பார்த்துக்கொண்டோம், யார் பெயர் முதலில் என்பது. மாணவர் உழைப்பில் சீஃப் பெயர் முன்னால் நிற்பது புதுக்கதை இல்லையே. இன்சுலினுக்கு 1923இல் நோபல் பரிசு பேண்டிங்குக்கும் ஆய்வகத் தலைவர் மெக்லியோடுக்கும் அறிவித்தபோது, ஆய்வகத்தில் கூடவே உழைத்த இளைஞர் சார்லஸ் பெஸ்ட்டின் பெயர் அதில் இல்லை. பேண்டிங் கோபப்பட்டு, தன் பங்குப் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார். நாங்கள் கொடுப்பதற்குப் பணம் ஒன்றும் இல்லை, முதல் ஆசிரியர் இடத்தையாவது கொடுக்கலாமே என்று ஒரு மீட்டிங்கில் சொன்னேன். ஒருவர் மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

முதல் கூட்டத்துக்குச் செலவு மெதுவடையும் காபியும்தான். காஸுவல்டி சிஸ்டர் ஒருவர் நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குழாய்க் கதை முடிந்ததும் கை தூக்கினார். “அப்போ ஸ்டாண்டுல இருக்கிற பழசையெல்லாம் நான் இன்னைக்கே தூக்கிப் போட்டுடவா மேடம்?” அந்த மாணவி என்னைப் பார்த்தார். நான் எச்.ஓ.டி.யைப் பார்த்தேன். திங்கட்கிழமை ஸ்டோருக்குப் புதுக் குழாய் கேட்டு இன்டென்ட் போனது.