கன்சோல் ஆடுகிறவர்களுக்கு என்ன வயது? – கேள்வி பதில்

கன்சோல் என்றால் வீடியோ கேம் ஆடுவதற்கென்றே உள்ள பெட்டி. அமெரிக்காவில் கேம் கடை ஒன்றில் சில வருடம் கல்லாவில் நின்றேன். அப்புறம் சந்தை ஆய்வு. அந்த நாட்டுக் கணக்குகளை வைத்துத்தான் பேசுவேன். கேளுங்கள்.

பிரபு: அமெரிக்காவில் வீடியோ கேம் ஆடுகிறவர்களின் சராசரி வயது 36 என்கிறார்களே, நம்பலாமா?

யாரை எண்ணினார்கள் என்று பார்த்துவிட்டு நம்புங்கள். கேம் நிறுவனங்களின் சங்கமான இஎஸ்ஏ 2024-இல் சொன்ன எண் அது. அதற்கு முந்தைய ஆண்டு அவர்களே சொன்னது 32. இன்னும் பின்னால் போனால் 2011-இல் 37, 2012-இல் 30. ஒரே வருடத்தில் ஒரு நாட்டுக்கே ஏழு வயது குறையுமா? எண்ணுகிற விதம் மாறினால்தான் எண் இப்படித் துள்ளும். தவிர, அதில் கன்சோல், கணினி, செல்போன் எல்லாம் ஒரே பானையில் கிடக்கின்றன. பஸ்ஸில் மிட்டாய் அடுக்கும் அத்தையும், ராத்திரி இரண்டு மணிக்கு பிளேஸ்டேஷன் முன்னால் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பையனும் அங்கே ஒன்றுதான். கன்சோல் பற்றிப் பேச 36-ஐத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

செல்வி: என்ன இருந்தாலும் கன்சோல் சின்னப் பிள்ளைகள் சமாசாரம்தானே?

அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா, அக்கா? 1983-இல் அங்கே கேம் சந்தை படுத்துவிட்டது. வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதனால் 1985-இல் நின்டெண்டோ தன் பெட்டியோடு ஒரு ரோபோவையும் சேர்த்து, பொம்மை மாதிரி விற்றது. அன்று பத்து வயதில் அதை வாங்கிய பையனுக்கு 2025-இல் ஐம்பது. நின்டெண்டோவுக்குப் பத்து வருடம் கழித்து வந்த சோனி, பிரிட்டனில் பிளேஸ்டேஷனை நைட் கிளப்களிலேயே கொண்டுபோய் வைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை?

கடையில் ஒரு நாள், தலை முழுக்க நரைத்த ஒருவர் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கான கேம் ஒன்றை நீட்டினார். "பையனுக்கா சார்?" என்றேன். பதிலே பேசாமல் டிரைவிங் லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

தீபக்: சராசரி வயது 36 என்பது உண்மையா?

பிரபுவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

உஷா: பதின்வயதுப் பிள்ளைகள் எல்லாம் போனுக்குப் போய்விட்டார்களாமே?

இல்லை. 13 முதல் 17 வயதுக்காரர்களிடம் அமெரிக்காவின் பியூ கருத்துக்கணிப்பு ஆய்வு மையம் 2023-இல் கேட்டபோது, கன்சோலில் ஆடுவதாகச் சொன்னவர்கள் 73 சதவீதம், போனில் 70. கிட்டத்தட்ட சமம்.

அன்வர்: 7 வயது மகனுக்கு எந்த கன்சோல் வாங்கலாம்?

கடையில் கேளுங்கள் தம்பி. இங்கே வயதுக் கணக்கு மட்டும்.

கார்த்திக்: சர்வே எதற்கு? பிறந்த தேதி கொடுத்துத்தானே எல்லோரும் அக்கவுண்ட் திறக்கிறார்கள்!

கொடுக்கிறார்கள். யாருடைய தேதியை? எங்கள் வீட்டு கன்சோலில் இருப்பது என் அக்கவுண்ட். ஆடுவது ஒன்பது வயது மகன். நிறுவனத்தின் கண்ணுக்கு, 46 வயது ஆள் ஒருவர் தினமும் பள்ளி விட்டதும் நாலு மணிக்கு உட்கார்ந்து மைன்கிராஃப்டில் கோழிக்கூண்டு கட்டுகிறார். 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் அனுமதி வேண்டும் என்று 1998-இல் சட்டம் வந்தது. அதனால் தனியாக அக்கவுண்ட் திறக்கிற பிள்ளையும் வருடத்தைப் பின்னால் தள்ளித்தான் போடுகிறது.

கார்த்திக்: ஒன்றிரண்டு வீட்டில் அப்படி இருக்கலாம். லட்சக்கணக்கில் எண்ணும்போது இந்தத் தவறுகள் சமனாகிவிடும்.

ஆகாது! இரண்டு பக்கமும் தவறினால்தான் சமனாகும். இங்கே பிள்ளைகள்தான் பெரியவர்களாகிறார்கள். எந்தப் பெரியவர் பிள்ளையாகிறார்?

கார்த்திக்: நின்டெண்டோவில் பிள்ளைகளுக்குத் தனி அக்கவுண்ட் உண்டே?

உண்டு, நியாயம். தங்கள் ஸ்விட்ச் கன்சோலில் ஆடுகிறவர்களின் வயது வரைபடத்தை அவர்கள் முதலீட்டாளர்களுக்குக் காட்டியபோது, இருபதுகளிலும் முப்பதுகளிலும் நல்ல கூட்டம் தெரிந்தது. ஆனால் அந்த வசதியை எத்தனை அப்பாக்கள் பொறுமையாக உட்கார்ந்து அமைக்கிறார்கள்? நான் அமைக்கவில்லை.

ராஜி: சராசரி வயது எவ்வளவு என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

முடியாது. சராசரியை வைத்து ஒரு ஆளைக் கற்பனை செய்யாதீர்கள் என்றுதான் காலையிலிருந்து கத்துகிறேன். பத்து வயதுப் பையனும் ஐம்பது வயது அப்பாவும் ஆடுகிற வீட்டில் சராசரி 30. அந்த வீட்டில் முப்பது வயதில் யாருமே இல்லை.

சுந்தரம்: எனக்கு 68. தினமும் பந்து உருட்டும் ஆட்டம் ஆடுகிறேன். என்னை யார் எண்ணினார்கள்?

வணக்கம் ஐயா. 2006-இல் வந்த வீ கன்சோல் 10 கோடிக்கு மேல் விற்றது. முதியோர் இல்லங்களில்கூட அதில் பந்து உருட்டும் போட்டி வைத்தார்கள். நீங்கள் யாருடைய அக்கவுண்டில் ஆடுகிறீர்கள்?

சுந்தரம்: பேரனுடையது. அவனுக்கு 12.

அப்படியானால் கணக்கில் உங்களுக்கு 12 வயது, ஐயா. கார்த்திக் இதைப் படிக்காமல் இருந்தால் சரி.