சிந்தனை, நடப்பு, பண்பாடு பற்றித் தமிழில் சொந்தமாக ஒரு நியூஸ்லெட்டர் தொடங்கலாமா? யாராவது படிப்பார்களா? காசு வருமா?

படிப்பார்கள். காசைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேள்வியைப் பார்த்தால், ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதிப் பழகி, இப்போது அங்கே ரீல்ஸ் மட்டும்தான் ஓடுகிறது என்று சலித்துப்போனவர் நீங்கள் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்குத் தெரிந்து இதில் இறங்கியவர்கள் எல்லோரும் அப்படித்தான் வந்தார்கள், நானும்தான். கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே மாதம் ஒரு மடல் அனுப்புகிறேன். எழுத்தாளர் எல்லாம் இல்லை, கணக்கு எழுதுகிறவள். 'அப்புறம் நீ என்ன யோசனை சொல்வது' என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்கள் சொன்ன மூன்றில் நடப்பில்தான் சிக்கல். இன்று காலை நடந்தது மத்தியானத்துக்குள் எல்லா குரூப்பிலும் வந்துவிடுகிறது, சாயங்காலம் அதற்கு மீம் வந்துவிடுகிறது. அதே விஷயத்தை ஞாயிற்றுக்கிழமை உங்கள் மடலில் 'இந்த வாரம்' என்று தொகுத்துக் கொடுத்தால் யாருக்கு வேண்டும்? சூடு ஆறின பிறகு எழுதுங்கள். எல்லோரும் பேசி முடித்து வேறு சண்டைக்குப் போன பிறகு, அதற்குள் என்னதான் இருந்தது என்று திறந்து காட்டுங்கள்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். 2024 செப்டம்பரில் கோவைக்கு வந்த நிதி அமைச்சரிடம் இங்கே ஒரு ஹோட்டல் அதிபர், பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதற்குள் க்ரீம் வைத்தால் 18 சதவீதமா என்று கேட்டார். அந்த ஹோட்டல் அதிபர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கிற வீடியோ அடுத்து வெளியே வந்து ஊரே இரண்டு பட்டது. அந்த வாரம் நான் ஒரு வரி எழுதவில்லை. காரணம் பெருந்தன்மை இல்லை. வியாபாரிகள் மாதாமாதம் போட வேண்டிய ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1க்குக் கெடு 11ஆம் தேதி, வரி கட்டும் 3பிக்கு 20ஆம் தேதி; இரண்டுக்கும் நடுவில் எங்களுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. அக்டோபரில்தான் எழுதினேன். யார் யாரை அவமானப்படுத்தினார்கள் என்பதற்குள் போகவில்லை. க்ரீம் பன் ஏன் அப்படி ஆனது என்பதை மட்டும் எழுதினேன்.

விஷயம் இதுதான். வரிப் பட்டியலில் ரொட்டி, கேக், பிஸ்கட் எல்லாம் 1905 என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. அதில் ரொட்டிக்கு வரி கிடையாது. கேக், பேஸ்ட்ரி வகையறாவுக்கு அப்போது 18 சதவீதம். க்ரீம் வைத்ததும் பன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. இந்த எண்கள் டெல்லியில் பிறந்தவையும் அல்ல. ப்ரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பின் பட்டியல் அது, 1988 முதல் நடப்பில் இருக்கிறது. இதே சண்டை இங்கிலாந்தில் 1991இல் நடந்தது. ஜாஃபா கேக் என்று ஒரு பண்டம், மேலே சாக்லேட் பூசியது. அது கேக் என்றால் வரி இல்லை, சாக்லேட் பூசிய பிஸ்கட் என்றால் வரி உண்டு. நாள்பட்டால் கேக் கல்லாகும், பிஸ்கட் நமுத்துப்போகும், இது கல்லாகிறது என்பதையும் கணக்கில் எடுத்து, கேக்தான் என்று தீர்ப்பாயம் சொன்னது. நம் பக்கத்திலும் ஒன்று இருந்தது, சேலத்து மத்திய கலால் துறை போட்ட வழக்கு. சின்ன பாட்டிலில் விற்கிற தேங்காய் எண்ணெய் தாளிக்கவா, தலைக்கா? 2018இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கு ஒரு பக்கம் தீர்ப்பு எழுதினார்கள். நான் மடல் எழுதியபோது அது முடியவே இல்லை.

இதைப் படித்துவிட்டுப் பொள்ளாச்சியில் பேக்கரி வைத்திருப்பவர் பதில் எழுதினார். தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்க ஏஜென்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஒரு பொருளை எந்த எண்ணில் போடுவது என்று அதிகாரிகளோடு மல்லுக்கட்டிய கதைகளை நான் எழுதியதைவிட நீளமாக எழுதி அனுப்பினார். அப்புறம் டிசம்பர் 18 அன்று தேங்காய் எண்ணெய் தீர்ப்பு வந்தது: தலை எண்ணெய் என்று லேபிள் போட்டு விற்காதவரை சின்ன பாட்டிலும் சமையல் எண்ணெய்தான். மூன்றே நாளில் ஜிஎஸ்டி கவுன்சிலின் பாப்கார்ன் விளக்கம், உப்புக்கு ஒரு வரி, கேரமலுக்கு ஒரு வரி என்று. நாடே சிரித்தபோது என் பழைய மடலைத் தேடி எடுத்து மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, ஆனாலும் அந்த மடலை இன்னும் கேட்கிறார்கள். சூட்டோடு சூடாக எழுதியிருந்தால் அதன் ஆயுள் ஒரு வாரம்.

அரசை ஆதரிக்கிறாயா எதிர்க்கிறாயா என்று கேட்பவர்களுக்கு: இரண்டும் இல்லை. நான் எழுதியது பன்னைப் பற்றி.

பேச வந்ததால் இதையும் கொட்டிவிடுகிறேன். அதே மடல் என் பெயர் இல்லாமல் வாட்ஸ்அப்பில் சுற்றியது. என் சித்தப்பாவே 'படித்ததில் பிடித்தது' என்று எனக்கு அனுப்பினார். சித்தப்பா, இது நான் எழுதியது என்றேன். "நல்லாத்தான எழுதியிருக்காங்க" என்றார். அதையாவது மன்னித்துவிடலாம். ஒரு இணைய இதழ் அதைப் பத்தி மாறாமல் எடுத்து 'நமது நிருபர்' என்று போட்டது. போன் செய்தால், "நல்ல விஷயம் நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்துச்சே மேடம்" என்கிறார்கள். நாலு பேருக்குச் சேர்ப்பதற்குத்தானே நானும் எழுதுகிறேன், என் பெயரோடு சேர்ந்தால் என்ன குறைந்துவிடும்? எழுத்துக்குக் காசு கேட்டால் சிரிக்கிற ஊர், ரிட்டர்ன் போடுகிறவளிடம் 20ஆம் தேதி ராத்திரி பதினொரு மணிக்கு பில்லைக் கோணலாகப் படம் எடுத்து அனுப்பிவிட்டு "சீக்கிரம் முடிச்சுடுங்க" என்கிற அதே ஊர்தான். சரி, விடுங்கள்.

இனி நடைமுறை. தமிழில் நீளமாக எழுதினால் ஜிமெயில் பாதியில் வெட்டிவிடும். அதன் வரம்பு 102 கேபி. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும், தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் மூன்று. 'கொ' என்று எழுதினாலே ஆறு. அதனால் 1500 சொல்லுக்குள் முடித்துவிடுங்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கையும் பெரிதாக நம்ப வேண்டாம். 2021இல் ஆப்பிள் தன் மெயிலில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, திறக்காதவரும் திறந்ததாகக் காட்டும். எந்தத் தளத்தில் தொடங்கினாலும் முகவரிப் பட்டியலை அவ்வப்போது இறக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நியூஸ்லெட்டர் தளங்களும் மூடப்படும்: ட்விட்டர் வாங்கிய ரெவ்யூ 2023 ஜனவரியில் மூடப்பட்டது, டைனிலெட்டர் 2024 பிப்ரவரியில்.

காசு. சப்ஸ்டாக் என்ற நியூஸ்லெட்டர் தளத்தில் சந்தா வைத்தால் அவர்கள் 10 சதவீதம் எடுப்பார்கள், பணம் ஸ்ட்ரைப் என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாக வர வேண்டும். இந்தியாவில் ஸ்ட்ரைப் கணக்கு கேட்டவுடன் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி மாறிய பிறகு கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பது முன்போல் சுலபமில்லை. நான் வருடத்துக்கு ஒரு முறை மடலின் அடியில் யுபிஐ எண் போடுகிறேன், விருப்பப்பட்டவர்கள் அனுப்புகிறார்கள். ஆபீஸில் எல்லோரும் டீ, பஜ்ஜி சாப்பிட்டுக் கொஞ்சம் புத்தகமும் வாங்கலாம், அவ்வளவுதான். அதையும் இதர வருமானத்தில் காட்டுங்கள். 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், அந்தக் கவலை உங்களுக்கு இப்போதைக்கு வராது.

முதல் மடலிலேயே ஒரு கேள்வி கேட்டுப் பதில் எழுதச் சொல்லுங்கள். பதில் போட்டவருக்கு அடுத்த மடல் ஜிமெயிலில் விளம்பரங்கள் போய்ச் சேரும் ப்ரொமோஷன்ஸ் பக்கத்தில் போய் விழாமல் இருக்க வாய்ப்பு அதிகம். கணக்கு பற்றிச் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், 20ஆம் தேதிக்கு மேல் பதில் சொல்கிறேன்.