ஆவிக்குரிய கண்கள் திறக்கப்பட என்ன செய்ய வேண்டும்? உடன் வேலை செய்பவர்களுக்கு இயேசுவைப் பற்றி எப்படிச் சொல்வது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. எனக்கு இரண்டுக்கும் பதில் ஒரே நாளில், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு புல்தரையில் கிடைத்தது.

எங்கள் சபையிலிருந்து சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா பக்கம் போவோம். கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் தமிழ்நாட்டு ஊழியர்கள் விடுப்பு நாளில் அங்கே கூடுவார்கள். வட்டமாக உட்கார்ந்து ஊருக்கு வீடியோ காலில் பேசுவார்கள். என் பையில் கைப்பிரதிகளும் ஒரு சின்ன நோட்டும் இருக்கும். யாரிடம் பேசினேன், எந்த ஊர், எத்தனை பிரதி கொடுத்தேன் என்று எல்லாவற்றையும் எழுதிவைப்பேன். அன்று அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவரிடம், "உங்க பேர் என்ன தம்பி?" என்றேன். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அக்கா, மூணாவது தடவையா கேக்குறீங்க."

நோட்டைப் புரட்டினேன். இரண்டு பக்கங்களில் அவர் பெயர், இரண்டும் என் கையெழுத்து. முகம்தான் எனக்குப் புதிதாக இருந்தது. எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன்.

அன்றிரவு மாற்கு 8-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு கையைப் பிடித்துக் கிராமத்துக்கு வெளியே அழைத்துப் போகிறார். முதல்முறை தொட்டதும் அவன், "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். பார்வை வந்துவிட்டது, ஆனால் மனிதர்கள் மரமாகத் தெரிகிறார்கள். இயேசு மறுபடியும் கைவைத்த பிறகுதான் "யாவரையும் தெளிவாய்க் கண்டான்". சுவிசேஷங்களில் இப்படி இரண்டு படியாக நடந்த குணமாக்கல் இது ஒன்றுதான். இதற்குச் சற்று முன்னால்தான் சீஷர்களிடம், கண்களிருந்தும் காணாதிருக்கிறீர்களா என்று கேட்டிருப்பார். சற்றுப் பின்னால் பேதுரு, "நீர் கிறிஸ்து" என்று சரியாகச் சொல்லிவிட்டு, இயேசு தாம் கொல்லப்படப் போவதைச் சொன்னதும் அவரையே கடிந்துகொள்ளத் தொடங்குகிறார். பேதுருவுக்கும் பாதிப் பார்வைதான். மாற்கு இவற்றை அடுத்தடுத்து வைத்திருப்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

வெளிப்படுத்தல் 3:18-இல் "கலிக்கம்" என்று ஒரு சொல் வரும். கண்ணில் இடும் மருந்து. சித்த வைத்தியத்திலும் இதே சொல்தான். அந்த மருந்தை வாங்கிப் போட்டுக்கொள் என்று ஆண்டவர் சொல்வது லவோதிக்கேயா சபைக்கு, அதாவது ஏற்கெனவே விசுவாசித்தவர்களுக்கு. ஆகவே கண் திறக்க என்ன செய்யலாம் என்றால், என் அனுபவத்தில், இரண்டாம் முறை தொடும்படி கேளுங்கள். ஒரு ஆளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக "என் கண்களைத் திறந்தருளும்" என்று பல வருடம் ஜெபித்த எனக்கு, "இந்தத் தம்பியை எனக்குக் காட்டும்" என்று ஜெபித்த வாரம்தான் ஏதோ மாறியது.

அடுத்த ஞாயிறு நோட்டை எடுத்துப் போகவில்லை. அவருடைய இடது கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது, கம்பி நசுக்கியதாம். மகளின் காதுகுத்துக்குப் போக முடியவில்லை என்று போனில் படம் காட்டினார். பிள்ளை அழுதபடியே தாய்மாமன் மடியில் இருந்தாள். ஒரு மணி நேரம் அவர் பேசினார், நான் கேட்டேன். இப்படியே நாலைந்து வாரம். அப்புறம் ஒருநாள் அவராகவே, "ஜெபம்னு சொல்றீங்களே அக்கா, யார்கிட்ட பேசுறீங்க?" என்றார்.

1 பேதுரு 3:15 சொல்வதும் இதைத்தான்: கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லுங்கள். கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும். அலுவலகத்தில் இதில் இன்னும் கவனமாக இருங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் நீங்களாக இந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள், அவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. ஒருவர் கஷ்டத்தில் இருக்கும்போது உதவியையும் சபை அழைப்பையும் ஒரே கையில் நீட்டாதீர்கள். பல சமயத்தார் ஒரே புளோக்கில், ஒரே மின்தூக்கியில் போய்வருகிற ஊர் இது. 1990-லேயே சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் இயேசு அந்த மனிதனைக் கையைப் பிடித்துத்தான் அழைத்துப் போனார், இழுத்துக்கொண்டு போகவில்லை. அடுத்தவர் சாமியைக் குறைத்துப் பேச வேண்டிய அவசியமும் இல்லை. யோவான் 9-இல் பார்வை பெற்றவன் தனக்குத் தெரிந்த ஒன்றாகச் சொன்னது, "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்" என்பதுதான். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், போதும்.

அந்தத் தம்பி வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். ஞானஸ்நானம் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு போனில் சேர்ந்து வாசிக்கிறோம். போன வாரம் யோவான் 9-இல், பார்வை பெற்றவனின் பெற்றோர் பயந்துபோய், "வயதுள்ளவனாயிருக்கிறான், இவனைக் கேளுங்கள்" என்று ஒதுங்கிக்கொள்ளும் இடம் வந்தது. அங்கே நிறுத்திவிட்டு, "எங்க அப்பாவும் இப்படித்தான் சொல்லுவாரு அக்கா" என்றார். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த வசனத்தை அவரே இன்னொரு முறை வாசித்தார்.