எடை குறைக்கிற ஊசி போட்டா நொறுக்குத்தீனி ஆசை நிஜமாவே போயிடுமா? அப்போ பாக்கெட் உணவு கம்பெனிங்க கதி என்ன?

டாக்டர் எழுதிக் கொடுத்து செமாக்ளூடைடு (ஓசெம்பிக், வீகோவி எல்லாம் இதுதான்) போட்டுக்கிற ஆளா சொல்றேன், ஆசை போகலை, அடங்குது. முன்னாடி வயிறு முட்ட சாப்பிட்டு எந்திரிச்சாலும் அலமாரில பிஸ்கட் இருக்கே இருக்கேன்னு மனசு அங்கயே சுத்திக்கிட்டு இருக்கும், வேலை ஓடாது. இப்போ சிப்ஸ் பாக்கெட் பிரிச்சா நாலு தின்னதும் போதும்னு தோணுது, ரப்பர் பேண்ட் போட்டு வெச்சது மறந்தே போய் அப்புறம் எடுத்துப் பாத்தா நமத்துக் கெடக்கு.

சாப்பிட்டதும் குடல்ல ஜிஎல்பி-1ன்னு ஒரு ஹார்மோன் சுரக்கும், போதும்னு மூளைக்கு சொல்றதுல அதுக்கு பெரிய பங்கு உண்டு, ஆனா கொஞ்ச நிமிஷத்துலயே உடம்பு அதை ஒடச்சிடும். இந்த மருந்து அதே வேலைய செய்யும், ஆனா உடம்புல இதோட அளவு பாதியா கொறையவே ஒரு வாரம் போல ஆகும், அதான் வாரம் ஒரு ஊசி. ஆரம்பத்துல நெறைய பேருக்கு குமட்டல் இருக்கும்.

எனக்கு ஆத்திரமே இங்கதான். "வாயைக் கட்டத் தெரியல"ன்னு குண்டா இருக்கிறவங்கள காலம் பூரா ஏசுறாங்களே, ஒரு ஹார்மோன் மருந்துக்கு அடங்குற விஷயம் எப்படிங்க ஒழுக்கக்கேடு ஆகும்? 2019ல அமெரிக்காவுல கெவின் ஹால்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 20 பேர தங்க வெச்சு, ரெண்டு வாரம் அல்ட்ரா பிராசஸ்டு சாப்பாடு (ஃபேக்டரில பல சேர்மானம் போட்டு தயாராகுற உணவு), ரெண்டு வாரம் சாதாரண சாப்பாடு, வேணுங்கிற அளவு சாப்பிடுங்கன்னு விட்டாங்க. பரிமாறினதுல கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் ஒரே அளவுதான், ஆனாலும் பிராசஸ்டு சாப்பாட்டுல தினம் 500 கலோரி கிட்ட கூடுதலா உள்ள போயிருக்கு, அதை வேகமாவும் சாப்பிட்டிருக்காங்க. மெல்லாமலே இறங்குற மாதிரி செஞ்சு விக்கிறவங்கள யாரும் கேக்கிறதில்ல, தின்னவனத்தான் கேக்கிறாங்க.

கம்பெனிங்க மூடவெல்லாம் மாட்டாங்க. 2024லயே நெஸ்லே இந்த ஊசி போடுறவங்களுக்குன்னு புரோட்டீன் கூட்டி, அளவு கொறச்சு வைட்டல் பர்சூட்னு அமெரிக்காவுல ஃப்ரோசன் சாப்பாடு அறிவிச்சிட்டாங்க. இதுல இன்னொன்னு, மருந்த நிறுத்தினா ஆசை திரும்பிடும், ஒரு ஆய்வுல நிறுத்தின ஒரு வருஷத்துல கொறஞ்ச எடைல மூணுல ரெண்டு பங்கு ஏறிடுச்சு, அதனால நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட பேசுங்க, தசையும் சேந்து கரையும் அதனால புரோட்டீனும் வெயிட் தூக்குற பயிற்சியும் விடாதீங்க.

எல்லாராலயும் ஊசி வாங்க முடியாது, குழந்தைங்களுக்கெல்லாம் ஊசி போட்டுக்கிட்டு இருக்கவும் முடியாது. சிலி நாட்டுல 2016லேர்ந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமான பாக்கெட் மேல கறுப்பு முத்திரை கட்டாயம், அதுல குழந்தைங்கள இழுக்கிற கார்ட்டூன் படம் போடவும் தடை. அந்த மாதிரி சட்டம் எல்லா நாட்டுலயும் வரணும்னு நான் கேக்கிறேன்.