ஆர்ட்ஸ் படித்தவர்கள் ஹாம் ரேடியோ தேர்வில் தேற முடியுமா?

“பி.ஏ. படித்தவன், எலெக்ட்ரானிக்ஸ் சுத்தமாகத் தெரியாது, ஹாம் ரேடியோ ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தேர்வு எழுதினால் தேறுவேனா?” என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தேறலாம். ஹாம் ரேடியோ என்றால் லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காகச் சொந்த வயர்லெஸ் செட்டில் பேசுவது. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு அதன் ஆரம்பப் படி, ஜெனரல் கிரேடு அடுத்த படி. நானும் பி.ஏ. வரலாறுதான். பாளையங்கோட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். “உனக்கு எதுக்கு இந்த வேலை” என்று உங்களையும் யாரோ கேட்டிருப்பார்கள். அந்தத் தயக்கம் கேள்வியிலேயே தெரிகிறது.

12 வயது ஆகியிருந்தால் போதும், பட்டம் யாரும் கேட்பதில்லை. புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் ஜெனரல் கிரேடுக்குத்தான், இதற்கு வேண்டாம். ரேடியோ தியரி, விதிமுறைகள் என்று இரண்டு பகுதி. ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 எடுத்தால் பாஸ்.

என்னை இதில் இறக்கியது 2023 டிசம்பர் வெள்ளம். தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் சிக்கிக்கொண்டார்கள். எங்கள் சித்தி வீடும் அந்தப் பக்கம்தான். போன் போகவே இல்லை. தன் தங்கச்சி உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு ஹாம் செட்டும் பேட்டரியும் கம்பியும் இருந்தால் டவர் இல்லாமலே பேசலாம் என்று தெரிந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

தியரி சொல்லிக்கொடுத்தவர், தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு மாமா. ஆன்டெனா கம்பியின் நீளத்துக்கு, “143ஐ மெகாஹெர்ட்ஸால வகும்மா” என்றார். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் சொச்சம் வந்தது. அவர் வீட்டு மொட்டை மாடியில் டேப் பிடித்துச் செப்புக் கம்பியை அளந்து, சரிபாதியாக வெட்டி, நடுவில் பிவிசி பைப் துண்டு வைத்து இறுக்கிக் கட்டினோம். டைபோல் ஆன்டெனா அன்றைக்கே மண்டையில் ஏறிவிட்டது.

ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் மேல் வானத்து அடுக்கான அயனி மண்டலப் பாடத்துக்குப் பயப்படாதீர்கள், அது நம்ம ஊர்ப் பாடம். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், பகலில் நம் தலைக்கு மேல் 100 கிலோமீட்டர் சொச்சம் உயரத்தில் பலமான மின்னோட்டம் ஓடுகிறது. அதை ஆராயத் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடமே இருக்கிறது.

“கேள்வி பதிலை மனப்பாடம் பண்ணிட்டு வந்து பேசுதா” என்று என்ஜினியர்கள் யாராவது கமென்ட் போடலாம். க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்களான க்யூ கோடு மனப்பாடம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஓம் விதியைக் கணக்குப் போட்டுத்தான் படித்தேன்.

பாஸானாலும் வாடகை வீட்டுக்காரர்களுக்கு வேறு தொல்லை இருக்கிறது. மாடியில் கம்பி கட்டினால் இடி விழும் என்கிறார் எங்கள் வீட்டு அண்ணாச்சி. அதே மாடியில் செல்போன் டவருக்கு இடம் விட்டிருக்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

சரி, நீங்கள் விதிமுறைப் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள். க்யூ கோடு, ஏ, பி என்பதைத் தெளிவாகச் சொல்லும் ஆல்பா பிராவோ எழுத்துகள், எந்த பேண்டில் (அலைவரிசைப் பகுதியில்) எதிலிருந்து எதுவரை என்பது, ஆபத்தில் உதவி கேட்கும் மேடே அழைப்பு, இவை கைக்கு வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தியரியில் எங்கே முட்டுகிறது என்று கமென்டில் எழுதுங்கள், கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.