கதவைத் திறக்காத சுல்தான் – கடிதம், பதில்

வணக்கம்.

உதுமானிய இளவரசர்களை அரண்மனைக்குள் அடைத்துவைத்த ‘கூண்டு’ பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1640இல் பட்டமேற்க அழைத்தபோது இப்ராஹிம் கதவைத் திறக்க மறுத்தார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கென்னவோ இரக்கம் வரவில்லை, கோழையாகத்தான் தெரிந்தார். அரசு வேண்டாமென்றால் முன்பே எழுதிக்கொடுத்துவிட்டு ஒரு சூஃபி மடத்தில் போய் உட்கார்ந்திருக்கலாமே? வேண்டாம் என்பவனை யார் என்ன செய்துவிட முடியும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எதை எழுதிக்கொடுப்பது? நீங்கள் அரசுரிமையைச் சொத்துப் பங்கு போல நினைக்கிறீர்கள். அங்கே அது ரத்தத்தில் இருந்தது. மூத்தவனுக்கே பட்டம் என்ற நியதி அன்று உறுதிப்படவில்லை. அந்தக் குலத்தில் பிறந்த ஆண் எவனும் சுல்தான் ஆகலாம். அதனாலேயே ஒவ்வொருவனும் ஆபத்தானவன். 1595இல் மூன்றாம் மெஹ்மத் பட்டமேற்றபோது அவருடைய 19 சகோதரர்கள் கொல்லப்பட்டார்கள். சிறு பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்களா அரசுக்கு ஆசைப்பட்டார்கள்?

யார் என்ன செய்ய முடியும் என்கிறீர்கள். முதலாம் முஸ்தபாவை 1617இல் அரியணையில் உட்கார வைத்தார்கள். மனநிலை சரியில்லை என்று மூன்றே மாதத்தில் இறக்கி, திரும்ப அடைத்தார்கள். 1622இல் சுல்தானின் சொந்தக் காலாட்படையான ஜானிசரிப் படையினர் கலகம் செய்து, அவருக்குப் பின் சுல்தானான அவருடைய அண்ணன் மகன் இரண்டாம் உஸ்மானைக் கவிழ்த்தபோது, அரண்மனைக்குள் புகுந்து முஸ்தபாவை வெளியே கொண்டுவந்தார்கள். உஸ்மான் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே முஸ்தபாவுக்கு மறுபடி கூண்டு. கலகக்காரர்களுக்கு வேண்டியது அவருடைய உடம்பு, சம்மதம் அல்ல.

இப்போது இப்ராஹிமின் கதவுக்கு வருவோம். அண்ணன் நான்காம் முராத், தம்பிகளில் பயஸித், சுலைமான், காசிம் மூவரையும் கொன்றிருந்தார். மிஞ்சியவர் இவர் ஒருவர்தான். வெளியே நின்று, “சுல்தான் இறந்துவிட்டார், இனி நீங்கள்தான்” என்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு இது செய்தியா, பொறியா? முராத் உயிரோடிருந்தால், முகத்தில் ஒரு நொடி தெரியும் மகிழ்ச்சியே போதும், கழுத்தில் கயிறு விழ. “எனக்கு வேண்டாம்” என்றாலோ, நடிக்கிறான் என்பார்கள். உடலைக் கண்ணால் பார்த்த பிறகே அவர் நம்பினார். அந்த மனிதர் வாழ்நாளில் செய்த மிகத் தெளிவான காரியம் இதுதான் என்பேன். (பிறகு எட்டாண்டுகள் அவர் ஆண்ட லட்சணம் வேறு. அதற்கு இரக்கப்படச் சொல்லி நானும் கேட்கமாட்டேன்.)

1648இல் அவரை இறக்கி, சில நாட்களில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். ஆறு வயது மகன் நான்காம் மெஹ்மத் சுல்தான் ஆனான். அதே வயதுடைய இன்னொரு மகன் சுலைமான் கூண்டுக்குப் போனான். 39 ஆண்டுகள். 1687இல் பட்டம் கட்ட ஆட்கள் வந்து நின்றபோது, கொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார் அந்த 45 வயதுக்காரர்.

அன்புடன்.