கப்பலில் போய்த் தீவில் ஒரு பகல்: வாசகர் கேள்விகள்

கொச்சியிலிருந்து லட்சத்தீவு போகும் 'சமுத்திரம்' சுற்றுலாவில் பதிவு செய்திருக்கிறோம். பகலில் தீவு, இரவில் கப்பல் என்கிறார்கள். மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. இறங்கி ஏற முடியுமா?
– வாசகி, மதுரை

இந்தச் சுற்றுலாவில் பார்க்கும் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்று தீவுகளிலும் நடக்கிற தூரம் குறைவு. சிரமமெல்லாம் கப்பலுக்கும் படகுக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு எட்டில்தான். தீவைச் சுற்றிப் பவளத்திட்டு, அதற்குள் ஆழமில்லாத கடல்நீர்ப் பரப்பு, அதாவது லகூன். அதனால் கப்பல் பெரும்பாலும் வெளியே ஆழ்கடலிலேயே நிற்கும். அதன் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள கதவைத் திறப்பார்கள். சிறு படகு வந்து ஒட்டி நிற்கும். கப்பல் அசையாதது போலிருக்கும். படகோ அலைக்கு அலை ஏறி இறங்கும்.

படகு மேலே வரும் நொடியில், ஊழியர் "வாங்க" என்றதும் காலை எடுத்து வைக்க வேண்டும். பயந்து அரை நொடி தயங்கினால் படகு கீழே போய்விடும், கால் அந்தரத்தில் நிற்கும். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், பை முதுகில். உங்கள் முன்கையை ஊழியர் பிடிக்க விடுங்கள், நீங்களாகக் கயிற்றையோ படகின் விளிம்பையோ பற்ற வேண்டாம். கப்பலுக்கும் படகுக்கும் இடையே விரல் மாட்டினால் நசுங்கிவிடும். சேலை வேண்டாம், சுடிதார் நல்லது. செருப்புக்குப் பின்வார் இருக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை: முக்காலி உயரத்துக்கு, எதையும் பிடிக்காமல் மாமியாரால் ஒற்றைக் காலை ஊன்றி ஏற முடிகிறதா? முடிந்தால் தாராளமாக வரலாம். முடியாவிட்டால், கடல் கொந்தளிக்கும் நாளில் அவர் கப்பலிலேயே இருப்பது நல்லது. காலையில் இறங்கிவிட்டோமே என்று தைரியப்படவும் முடியாது. மாலையில் காற்று கூடினால் ஏறுவதுதான் இன்னும் கஷ்டம்.

கப்பலில் வாந்தி வராமலிருக்க?
– வாசகர், ஈரோடு

மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது. முன்கூட்டியே போட வேண்டும். எந்த மாத்திரை என்று டாக்டரிடம் கேளுங்கள், பலவற்றுக்குத் தூக்கம் வரும். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். இட்லி, பிஸ்கட் போதும். அறை கிடைக்குமானால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு.

மூச்சுக்குழாய் மாட்டி மிதந்தபடி கடலுக்குள் பார்க்கும் ஸ்நார்க்கலிங்கில், கண்ணாடிக்குள் தண்ணீர் வருகிறது என்கிறார்களே?
– வாசகர், கோவை

அளவு சரியில்லை, அல்லது மீசை. வாரை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டியிருந்தால் அதுதான் உங்கள் அளவு. உள்ளே ஒரு முடி சிக்கினாலும் ஒழுகும். வாரை இறுக்கினால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். இறுக்கினால் ஓரம் மடங்கி இன்னும் ஒழுகும். பனி படியாமலிருக்க உள்பக்கம் எச்சில் தடவி அலசுங்கள். அசிங்கமாகத் தோன்றினாலும் வேலை செய்யும். பவளத்தின் மேல் நிற்கவே கூடாது: அதுவும் சாகும், காலும் கிழியும். கடல் வற்றும் நேரத்தில் படகு போகும் வாய்க்கால் பக்கம் நீந்த வேண்டாம், நீரோட்டம் வெளியே இழுக்கும்.

கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்து வரலாமா?
– வாசகி, திருநெல்வேலி

கூடாது. செத்த துண்டானாலும் 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மினிக்காயில் வாங்க என்ன இருக்கிறது?
– வாசகர், தூத்துக்குடி

உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டுமா, மாசிதான். சூரை மீனைத் தலை, குடல் நீக்கிக் கீறி, உப்பு நீரில் வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் இறுகும்வரை வெயிலில் காயவைக்கிறார்கள். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். மரச்சத்தம் கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் ஈரம் இருக்கிறது, வீடு சேர்வதற்குள் பூசணம் பிடிக்கும். இரட்டை உறையில் கட்டாவிட்டால் அறை முழுக்க மணக்கும். பேரம் பேச மலையாளம் ஓரளவு உதவும். இத்தீவின் சொந்த மொழி மஹல், எழுத்து வலமிருந்து இடம். நேரமிருந்தால் 1885இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏறுங்கள். லகூனின் வெளிர்நீலம் முடிந்து ஆழ்கடலின் கருநீலம் தொடங்கும் கோடு மேலிருந்து தெளிவாகத் தெரியும். உங்கள் கப்பல் அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்கும்.